கைப்பேசிக்கும் ஒரு வாசல் உண்டு: சைபர் சட்டம் பற்றி ஒரு பாடம்

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

திரேஸ்புரம் ஜும்ஆவில் பேசப்பட்ட உரையைக் கொஞ்சம் விரிவாக்கி, படித்துப் பயன் பெறும் விதத்தில் ஒரு பாடமாக இங்கே தருகிறோம். தலைப்பு பலருக்குப் புதிதாக இருக்கலாம். தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் சைபர் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் பொருள், நம் மானம், நம் வீட்டு ரகசியம் ஆகிய மூன்றையும் பாதுகாப்பது மார்க்கக் கடமை. இன்று இந்த மூன்றும் ஒரு சட்டைப்பைக்குள் அடங்கும் கருவியில் இருக்கின்றன. அந்தக் கருவியின் வாசலைக் காக்கும் சட்டத்தைத் தெரிந்துகொள்வதும் அந்தக் கடமையில் சேர்ந்ததுதானே!

நம் கடற்கரையில் ஒரு வழக்கம் சொல்வார்கள். முத்தும் சங்கும் குளிக்கப் போகிறவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை யார் கையிலும் கொடுத்துவிட மாட்டார். மச்சான் கையில்தான் கொடுப்பார். தங்கை தாலியறுக்க மச்சான் சம்மதிக்க மாட்டான் என்ற நம்பிக்கை. உயிர் இருக்கும் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்று அவ்வளவு யோசித்த ஊர் இது. அதே ஊரில் இன்று வங்கியின் ஓடிபி எண்ணை, முகம் தெரியாத ஒருவன் தொலைபேசியில் கேட்டதும் கொடுத்துவிடுகிறோம். ஆதார் நகலை ஜெராக்ஸ் கடையில் விட்டுவிட்டு வருகிறோம். கயிறு கை மாறுவது நமக்கே தெரிவதில்லை.

அனுமதி கேட்டு நுழைதல்

அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் 27-வது வசனம் கற்றுத்தருகிறது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயக் கூடாது என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் 12-வது வசனம் தடுக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அறையை ஒருவர் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே இந்தப் பார்வைக்காகத்தான் என்று நபியவர்கள் விளக்கிக் கண்டித்த செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. இதைக் கவனியுங்கள். அந்த மனிதர் கால் எடுத்து உள்ளே வைக்கவில்லை. எதையும் திருடவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அதுவே குற்றமாயிற்று.

கைப்பேசியைத் திறந்து அடுத்தவர் செய்தியைப் படிப்பவர், பெண்பிள்ளைகளின் படத்தை அவர்கள் அறியாமல் சேமிப்பவர், நண்பன் கணக்கின் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு உள்ளே போய்ப் பார்ப்பவர், எல்லோரும் அந்தக் கதவிடுக்கில்தான் நிற்கிறார்கள். விளையாட்டுக்குச் செய்தேன் என்ற பதில் அங்கேயும் செல்லவில்லை, இன்றைய நீதிமன்றத்திலும் செல்லாது.

அந்தரங்கம் உரிமையானது எப்படி?

நம் நாட்டுச் சட்டம் இந்த இடத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1950-களிலும் 60-களிலும் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஏற்கத் தயங்கியது. 1962-ல் கரக் சிங் என்பவரின் வழக்கு. உத்தரப் பிரதேசக் காவல்துறை அவரைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து, இரவு நேரத்தில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டிச் சோதித்தது. அந்த இரவுச் சோதனை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தரங்கம் என்று ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் உறுதி செய்யப்படவில்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள்.

அடுத்த படி நம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது அதைத் தடுக்கும் முயற்சி நடந்தது. 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதழ் வெளிவருவதை அரசு முன்கூட்டித் தடுக்க முடியாது என்றது. அதே தீர்ப்பில், ஒரு மனிதருக்குத் தன் குடும்பம், திருமணம், பிள்ளைகள், கல்வி போன்றவற்றில் பிறர் தலையீடு இல்லாமல் இருக்கும் உரிமை உண்டு என்றும், அது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கியிருக்கிறது என்றும் சொன்னது. பொது ஆவணங்களில் ஏற்கெனவே உள்ள செய்திகளை வெளியிடுவதற்கு அந்தத் தடை பொருந்தாது. எழுதுகிறவர் உரிமையையும் எழுதப்படுகிறவர் உரிமையையும் சேர்த்து எடைபோட்ட தீர்ப்பு அது.

பிறகு ஆதார் வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-ல் வழக்குத் தொடுத்தார். 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் மூன்று நிபந்தனை. அதற்கென்று ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. மறு ஆண்டு, 2018 செப்டம்பர் 26 அன்று, ஆதார் சட்டத்தை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க வழிவிட்ட பகுதியை நீக்கியது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் சொல்லப்படும் ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். இரவில் மதீனாவில் வலம் வந்தவர்கள் ஒரு வீட்டுச் சுவரேறி உள்ளே பார்த்துத் தவறு செய்தவரைக் கண்டிக்கிறார்கள். அவரோ, நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று: துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதி கேட்கவில்லை என்று பதில் சொல்கிறார். உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்றுத் திரும்பிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. ஆட்சியாளரும் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்ற பாடம்தான் மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளிலும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகத் தகவல் தொடர்பை இடைமறித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கும் உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ உத்தரவும் காரணமும் வேண்டும். பாதுகாப்பும் தேவை, அந்தரங்கமும் தேவை. இரண்டுக்கும் நடுவே வேலியைச் சரியான இடத்தில் ஊன்றுவதுதான் இந்தச் சட்டத்துறையின் முக்கிய வேலை.

நம் ஊர்க் கணக்கில் நடந்த வழக்கு

அன்பிற்குரியவர்களே! இந்தியாவில் சைபர் சட்டம் படிக்கும் மாணவர்கள் தவறாமல் படிக்கும் ஒரு வழக்கு நம் தூத்துக்குடியைச் சேர்ந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு சகோதரர் அபுதாபியில் வேலை பார்த்தார். ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் அவருக்குக் கணக்கு. 2007 செப்டம்பரில் வங்கி அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. கணக்கு விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு இல்லாமல் போய்விடும் என்று அதில் இருந்தது. உண்மை என்று நம்பி விவரங்களைக் கொடுத்தார். அவர் கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய், அதே வங்கியில் கணக்கு வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது. அந்த நிறுவனம் மும்பைக் கிளையில் 4.6 லட்சத்தைப் பணமாக எடுத்துவிட்டது. சுமார் ஒன்றரை லட்சம் மட்டும் அவருக்குத் திரும்பியது.

நீங்களே விவரத்தைக் கொடுத்தீர்கள், அதனால் பொறுப்பும் உங்களுடையதே என்பது வங்கியின் நிலை. பெரும்பாலானோர் அந்த இடத்தில் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இவர் உட்காரவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-வது பிரிவு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு தீர்வு அதிகாரியை வைத்திருக்கிறது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அந்தப் பொறுப்பில் இருப்பார். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை அவரிடம் கொண்டு போகலாம். 2008-ல் அவரிடம் மனுக் கொடுக்கப்பட்டது. 2010 ஏப்ரல் 12 அன்று தீர்ப்பு வந்தது. வாடிக்கையாளரின் கணக்கில் பிறர் நுழைவதைத் தடுக்கப் போதிய கவனமும் காவலும் வங்கி வைத்திருக்கவில்லை என்று சொல்லி, 12.85 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார் தீர்வு அதிகாரி.

வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. அதை விசாரிக்க வேண்டிய சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 2011-க்குப் பிறகு தலைவரே நியமிக்கப்படவில்லை. 2017-ல் அந்தத் தீர்ப்பாயம் தொலைத்தொடர்புத் துறைத் தீர்ப்பாயத்துடன் இணைக்கப்பட்டது. அங்கே 2019-ல்தான் மேல்முறையீடு முடிவுக்கு வந்தது, வாடிக்கையாளர் பக்கம். பணம் போனது 2007. முடிவு வந்தது 2019. பன்னிரண்டு ஆண்டு!

இந்த வழக்கிலிருந்து மூன்று பாடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஏமாந்தவர் மீது மட்டுமே எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது. பிறர் பணத்தை வைத்துக் காக்கும் நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. அமானிதத்தைப் பெற்றுக்கொண்டவர் அதைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று மார்க்கம் சொல்வதும் இதைத்தான்.

இரண்டாவது, சட்டம் இருப்பது ஒன்று, அதை நடத்த ஆள் இருப்பது வேறொன்று. தலைவர் இல்லாத தீர்ப்பாயத்தின் வாசலில் நியாயம் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது. நம் பிள்ளைகள் இந்தச் சட்டத்தைப் படித்து வழக்கறிஞர்களாக, அதிகாரிகளாக, நீதிபதிகளாக வர வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது, அந்தப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கு. திருடன் எங்கோ இருக்கலாம். ஆனால் அவனுக்குப் பணம் இறங்க ஒரு துறை வேண்டும். அது யாரோ ஒருவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குதான். இதைப் பற்றிக் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்.

கணக்கை வாடகைக்கு விடாதீர்கள்

இளைஞர்களே, குறிப்பாக உங்களுக்கு இது. உன் பெயரில் ஒரு கணக்கு திற, பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம் கார்டையும் எங்களிடம் கொடு, ஒரு தொகை தருகிறோம் என்று யாராவது கேட்டால் அது வேலைவாய்ப்பு இல்லை. யாரோ ஒரு விதவையின், ஓய்வூதியரின், வளைகுடாவில் வெயிலில் நின்று உழைத்தவரின் பணம் உன் பெயரில் வந்து இறங்கப் போகிறது. காவல்துறை பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது அவர்களுக்கு முதலில் கிடைக்கும் பெயரும் உன் பெயர்தான். கணக்கு முடக்கப்படும். மோசடிக்கு உடந்தை என்ற வழக்கு வரும். பாஸ்போர்ட்டுக்கும் கப்பல் வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் காவல்துறைச் சான்று கேட்கும்போது அந்த வழக்கு முன்னால் வந்து நிற்கும்.

எனக்கு எதுவும் தெரியாது, கார்டை மட்டும்தான் கொடுத்தேன் என்று சொல்லலாம். கள்ளப் பொருள் என்று சந்தேகம் இருந்தும் படகை இரவல் கொடுத்தவன் அப்படிச் சொன்னால் ஊர் நம்புமா? உழைக்காமல் வரும் அந்தச் சில ஆயிரம் ஹலாலா என்று மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள். பாவத்துக்குத் துணை போவதும் பாவமே என்பதில் மார்க்கத்தில் இரண்டு கருத்து இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்றும் இருக்கிறது. கணினி வேலை என்று சொல்லி வெளிநாட்டுக்கு அழைத்துப் போய், அடைத்துவைத்து, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கும் கூட்டங்கள் தென்கிழக்கு ஆசியாவில் இயங்குகின்றன. 2022-ல் மியான்மரின் மியாவாடியில் அப்படிச் சிக்கிய தமிழக இளைஞர்கள் சிலர் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பார்த்த பிறகே பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.

பணம் போனால் முதல் ஒரு மணி நேரம்

தூத்துக்குடிச் சகோதரருக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆனது. இன்று அப்படிக் காத்திருக்கத் தேவையில்லாத வழிகள் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நேரம் முக்கியம்.

பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். புகார் பதிவானதும் பணம் போன கணக்கின் வங்கிக்குத் தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்திவைக்கப்படும். கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும் பணத்தை நடுவழியில் பிடிப்பது முதல் சில மணி நேரத்துக்குள்தான் சாத்தியம். வாப்பாவிடம் சொன்னால் திட்டுவார், மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் கோபப்படுவார் என்று இரண்டு நாள் மறைத்துவைத்தால் பணம் போய்விடும். பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏமாந்து வந்து நிற்பவரை முதலில் திட்டாதீர்கள். முதலில் 1930, பிறகு உபதேசம்.

உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதில் ஒரு கணக்கு வைத்தது. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு இழப்பு எதுவும் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால் ஓர் வரம்பு வரை மட்டுமே இழப்பு. நீங்களே ஓடிபியைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது உங்கள் பொறுப்பு, சொன்ன பிறகு போனது வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் வங்கியுடையதே.

ஆதாரத்தை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அந்தச் செய்தியை அழிப்பதும், எண்ணை நீக்குவதும்தான் நாம் செய்யும் பெரிய தவறு. திரைப் படம் எடுத்துவையுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், அழைப்பு வந்த எண் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணம் நீதிமன்றத்தில் எப்படிச் சான்றாகும் என்று சொல்கிறது. உரிய சான்றிதழும் அதோடு வேண்டும். மூலக் கைப்பேசி கையில் இருப்பது அதற்குப் பெரிய பலம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி அல்பகரா 282-வது வசனம் நம்மைப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும்.

தூத்துக்குடி மாவட்டத்திலும் சைபர் குற்றப்பிரிவுக் காவல் நிலையம் இயங்குகிறது. எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று எந்தக் காவல் நிலையத்திலாவது சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவை மரியாதையோடு நினைவூட்டுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது அது.

இன்னொன்று. காவல்துறை, சிபிஐ என்று சொல்லிக்கொண்டு காணொளியில் சீருடையோடு தோன்றி, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம் என்பவர்கள் அத்தனை பேரும் மோசடிக்காரர்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து இந்த மோசடியை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அழைப்பைத் துண்டியுங்கள், வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். மீனவர் நிவாரணத் தொகை, உதவித்தொகை எல்லாம் இன்று நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதை வாங்க ஓடிபி சொல்ல வேண்டியதில்லை, யுபிஐ பின் எண் போட வேண்டியதில்லை. பின் எண் பணம் அனுப்புவதற்கு, வாங்குவதற்கு இல்லை. வீட்டில் உம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இந்த ஒரு வரியை இன்றே சொல்லிக்கொடுங்கள்.

மானத்தைக் காக்கும் பிரிவுகள்

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். மானம்?

2004-ல் சென்னையில் ஒரு பெண்ணின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டு ஒருவர் இணையக் குழுவில் ஆபாசச் செய்திகளைப் பரப்பினார். திருமணத்துக்கு அவள் சம்மதிக்கவில்லை என்ற கோபம். அந்தப் பெண் பிப்ரவரியில் புகார் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் குற்றவாளிக்குச் சிறைத் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று அறியப்படும் வழக்கு இது. ஒரு பெண் வெட்கப்பட்டு ஒதுங்காமல் காவல் நிலையப் படியேறினார். அதனால் நாடு முழுவதும் உள்ள பெண்களுக்கு ஒரு முன்னுதாரணம் கிடைத்தது.

2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் 2008-ல் திருத்தப்பட்டது. அதில் நம் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சில பிரிவுகள்:

66சி: பிறருடைய கடவுச்சொல், மின்னணுக் கையொப்பம் போன்றவற்றை மோசடியாகப் பயன்படுத்துவது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம்.

66டி: வேறொருவராக நடித்துக் கணினி அல்லது கைப்பேசி வழியே ஏமாற்றுவது. அதே அளவு தண்டனை.

66இ: ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் பிடிப்பது, பரப்புவது. 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

67, 67ஏ, 67பி: ஆபாசத்தை, பாலியல் காட்சிகளை, குழந்தைகள் தொடர்பான பாலியல் காட்சிகளைப் பரப்புவது. குழந்தைகள் தொடர்பானவற்றைத் தேடுவதும் இறக்கிப் பார்ப்பதும்கூடக் குற்றம்.

72ஏ: ஒப்பந்தத்தின் பேரில் கையில் வந்த பிறர் விவரங்களை, தீங்கு நேரும் என்று தெரிந்தே சம்மதமின்றி வெளியே கொடுப்பது. 3 ஆண்டு வரை சிறை.

யாராவது உங்கள் மகளின் படத்தை மாற்றியமைத்து மிரட்டினால், பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் அந்த இணையதளத்தில் புகார் செய்ய முடியும். 2021-ல் வந்த இடைநிலை நிறுவனங்களுக்கான விதிகள், இப்படிப்பட்ட படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் சமூக ஊடக நிறுவனம் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வகுத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர்களே, வாப்பாவிடம் சொல்லலாம் என்ற துணிவு பிள்ளைக்கு இருக்க வேண்டும். மிரட்டுபவனின் பலமே பிள்ளை வீட்டில் பேசாது என்ற கணக்குதான்.

பரப்புபவர்களும் கேளுங்கள். எனக்கு வந்தது, அனுப்பினேன் என்பது தப்பிக்கும் வழி இல்லை. கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற நபிமொழியின் கருத்தை நாம் அறிவோம். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் 6-வது வசனம் பணிக்கிறது. அதே நேரத்தில், கருத்துச் சொல்வதையே குற்றமாக்க முடியாது என்பதையும் சட்டம் காத்திருக்கிறது. எரிச்சலூட்டும் செய்தி என்ற பெயரில் யாரையும் கைது செய்ய இடம்கொடுத்த 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் முழுமையாக நீக்கிவிட்டது.

நம் ஜமாஅத்தின் அலமாரியில் என்ன இருக்கிறது?

இதுவரை பிறர் நமக்குச் செய்வதைப் பேசினோம். நாம் பிறருக்குச் செய்வதைப் பேசாமல் விட்டால் பாடம் முழுமையாகாது.

ஒவ்வொரு மஹல்லாவிலும் குடும்பப் பதிவேடு இருக்கிறது. நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. ஜகாத், மருத்துவ உதவி, கல்வி உதவி கேட்டு வந்த மனுக்களும், அவற்றோடு ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் இருக்கின்றன. யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் என்ன கடன், எந்தப் பிள்ளைக்குத் தலாக் ஆனது என்ற விவரமெல்லாம் அந்த அலமாரியில் இருக்கிறது. அலமாரிச் சாவி யாரிடம்? அந்த மனுக்களின் படம் எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது?

உதவி வாங்குபவரை நிறுத்திவைத்து, அரிசிப் பையோடு படமெடுத்துக் குழுவில் போடும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. கணக்குக் காட்டவே செய்கிறோம் என்பார்கள். கணக்கைத் தொகையில் காட்டலாமே, முகத்தில் ஏன் காட்ட வேண்டும்? அந்தப் பெண்ணின் பிள்ளை படிக்கும் பள்ளியில் அந்தப் படம் போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளை நாளை தலை நிமிர்ந்து நடக்குமா? வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாத அளவு மறைத்துக் கொடுப்பவரை நபி (ஸல்) அவர்கள் உயர்த்திச் சொன்னார்களே!

2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதே அறத்தைச் சட்டமாக்குகிறது. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும். சம்மதம் வாங்க வேண்டும். சொன்ன வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இடமுண்டு. 2025 நவம்பரில் இதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று காலம் குறிக்கப்பட்டிருக்கிறது.

அந்த நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஜமாஅத் நிர்வாகிகள் இப்போதே நான்கு காரியம் செய்யலாம். ஆதார் நகல் தேவையே இல்லாத இடத்தில் கேட்காதீர்கள். தேவைப்பட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்குங்கள். வேலை முடிந்த மனுக்களைக் கிழித்து அழியுங்கள், பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். உதவி பெறுபவர் படத்தைப் பொதுவில் போடாதீர்கள். கூட்டத்தில் பேசியது அமானிதம் என்ற பாடத்தை மறக்காதீர்கள்.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளே, பட்டம் முடித்தவர்களே! திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியலும் மருத்துவமும் பார்க்கும் கண்ணால் இதையும் பாருங்கள். கணினி தெரிந்த வழக்கறிஞரும், சட்டம் தெரிந்த கணினிப் பொறியாளரும் இனி வரும் காலத்துக்கு மிகவும் தேவைப்படுவார்கள்.

கல்லூரிக்குப் போக முடியாதவர்களும் படிக்கலாம். முதலில் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவும் 2017 தீர்ப்பும். அடுத்து தகவல் தொழில்நுட்பச் சட்டம். பிறகு 2024-ல் வந்த மூன்று குற்றவியல் சட்டங்களில் ஏமாற்றுதல், மிரட்டல், பின்தொடர்தல், மின்னணுச் சாட்சியம் பற்றிய பகுதிகள். கடைசியாக 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மத்தியச் சட்டங்கள் எல்லாம் இந்தியா கோட் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. ஒரு வாரம் ஒரு பிரிவு என்று வைத்துக்கொண்டு படியுங்கள். படித்ததைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவருக்குச் சொல்லுங்கள். நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் ஒரு புகார் மனு ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் எல்லோருடைய கைப்பேசியிலும் 1930 என்ற எண்ணைப் பதிந்துவையுங்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டு இருக்கிறது என்று பார்த்து, உங்களுடையது அல்லாததைப் பற்றிப் புகார் செய்யுங்கள். ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டிவையுங்கள். வங்கியின் பரிவர்த்தனைச் செய்தி எந்த எண்ணுக்குப் போகிறது என்று சரிபாருங்கள். வளைகுடாவில் இருக்கும் மகனின் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால், அந்த எண் இன்று யார் கையில் இருக்கிறதோ!

அல்லாஹ் நம் பொருளையும் மானத்தையும் பாதுகாப்பானாக! பிறர் பொருளையும் மானத்தையும் நாம் பாதுகாக்கத் துணை செய்வானாக! கையில் உள்ள அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கும் நன்மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக! ஆமீன். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.